யோகெவெத்தின் மீன் எந்தப் பக்கம் பார்த்தது

யோகெவெத் ஹதாத்துக்குப் படம் வரைய வராது. ஒரு தடவை கரும்பலகையில் ஒட்டகம் போட்டாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், இது மேஜையா?" என்று கேட்டார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஓவிய ஆசிரியை வெரெத் எங்கள் பள்ளிக்கு வருவதற்கு முந்தைய வருஷம் அது. வெரெத் வந்த பிறகு அதே கேள்வியை எவனாவது கேட்டிருந்தால் கதவுக்கு வெளியே நின்றிருப்பான்.

பாலைவன ஊரான டிமோனாவில் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் பாரம்பரிய வகுப்பு. செவ்வாய்க்கிழமை, மூன்றாவது மணி. இருபத்திரண்டு வருஷமாக அது யோகெவெத்தின் கையில் இருந்தது. மற்ற நேரங்களில் அவளும் எல்லாரையும்போல இலக்கணம் நடத்தினாள், கணக்கு நடத்தினாள். அதில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. செவ்வாய் மூன்றாவது மணிக்கு மட்டும் கதவைச் சாத்துவாள். மேஜை மேல் ஏறி உட்காருவாள். செருப்பைக் கழற்றிக் கீழே தள்ளுவாள். செருப்பு தரையில் விழுகிற சத்தம் கேட்டால் பக்கத்து வகுப்பில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருக்கும் எனக்கே பாதி வாக்கியத்தில் காது அந்தப் பக்கம் போகும். கதை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பாபிலோன் ஆற்றங்கரையில் ஆரம்பித்து, பாலைவனம் தாண்டி நடந்து வந்த ஏமன் நாட்டுக் குடும்பங்கள் வரை எல்லாவற்றையும் சொல்வாள். சொல்லிவிட்டுச் சும்மா விடமாட்டாள். அடுத்த வாரம் பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு அவளிடம் ஒரே ஒரு விதி.

"பெஸஹ் பண்டிகை ராத்திரி மேஜையில உக்காந்து என்ன செய்யறோம்? எகிப்துலேர்ந்து யாரோ எப்பவோ வெளிய வந்தாங்கன்னு படிக்கறோமா? நானே வந்தேன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்றோம். இங்கேயும் அதேதான். உனக்கு நடந்த மாதிரிச் சொல்லு. கேட்ட கதைன்னு சொன்னா மார்க் கிடையாது."

மொராக்கோக்காரன் வீட்டுப் பிள்ளை எழுந்து நின்று, "நான் ஏமன்ல கழுதையை வித்துட்டு நடந்து வந்தேன்" என்று சொல்லும். ருமேனியாக்காரி வீட்டுப் பெண், "கப்பல்ல எனக்குத்தான் முதல்ல கரை தெரிஞ்சது" என்று சொல்லும். யாரும் சிரிக்கமாட்டார்கள். தலைமையாசிரியர் மீமோன் அபுத்புல் உட்பட ஊரில் பாதிப்பேர் இப்படிச் சொல்லி வளர்ந்தவர்கள்தான். அவரிடம் எல்லாரும் பயந்து பேச, இவள் மட்டும் ஆசிரியர் அறையில் வைத்தே, "டேய் மீமோன், உன் கழுத்துப்பட்டை கோணலா இருக்கு" என்பாள்.

அவளுடைய கதைகளில் பெரியது அவள் அப்பாவின் கதை. அதை வருஷத்துக்கு ஒரு தடவைதான் சொல்வாள், பெஸஹுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால்.

ஜெர்பா தீவில் அவர்கள் தெருவில் ரொட்டி சுடப் பொது அடுப்பு ஒன்றுதான். வீட்டில் மாவு பிசைந்து அங்கே அனுப்ப வேண்டும். எது யார் ரொட்டி என்று தெரிவதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மரமுத்திரை. ஹதாத் வீட்டு முத்திரை வலது பக்கம் பார்க்கிற மீன். வயிற்றில் மூன்று கோடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஹைஃபா துறைமுகத்தில் இறங்கியபோது எல்லார் தலையிலும் பூச்சிமருந்துப் பொடியைத் தூவி மூட்டைகளை ஒரு பக்கம் குவித்தார்கள். மூட்டை போனது போனதுதான். முத்திரை மட்டும் அப்பாவின் இடுப்புத்துணிக்குள் இருந்தது. கூடார முகாமில் முதல் மாவு கிடைத்த அன்றைக்கு அம்மா பிசைந்தாள். அப்பா மீனைக் குத்தினார். "இங்க யாரு உங்க ரொட்டியைத் தேடப்போறா?" என்று அம்மா கேட்டாள். அடுப்புக்காரன் ரொட்டியை வரிசை மாற்றி யாருக்கோ கொடுத்துவிட்டான். பிள்ளைகள் பசியில் அழுதுகொண்டிருந்தபோது கூடாரத்துக்கு வெளியே ஒரு ஆள் ஓடிவந்தார். கையில் பாதி ரொட்டி, வாயில் மீதி. "இந்த மீன் யாரோடது? இந்த மீன் யாரோடது?" என்று மென்றுகொண்டே கேட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கப்பலில் கிளம்பி, செத்துவிட்டார் என்று இவர்கள் எல்லாம் துக்கம் காத்த பெரியப்பா.

அந்தக் குளிர்காலத்து வெள்ளத்தில் கூடாரம் சரிந்து முத்திரையும் போய்விட்டது. "அதனாலதான் மேஜை மேல உக்காந்து வாயால சொல்லிட்டிருக்கேன்" என்று முடிப்பாள். ஜெர்பாவில் வைத்த மஸூதா என்ற அவளுடைய பெயர்கூடப் பள்ளியில் சேர்த்த அன்றைக்கே போனது. முகாம் ஆசிரியை பட்டியலைப் பார்த்து, "இன்னிக்குலேர்ந்து நீ யோகெவெத்" என்றாளாம். அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இல்லை. கணவர் பாஸ்பேட் சுரங்கத்தில் லாரி ஓட்டினார். நாற்பத்தொன்பது வயதில் மாரடைப்பில் போனார். இரண்டு பையன்களும் வடக்கே போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது செவ்வாய்க்கிழமை.

வெரெத் வந்தது தொண்ணூற்றைந்து செப்டம்பரில். டெல் அவிவ் பக்கத்துப் பெண், இருபத்தெட்டு வயது, ஓவியக் கல்லூரியில் படித்தவள். காதில் அவளே வளைத்துச் செய்த செம்புக்கம்பித் தோடு, ஒரு காதில் ஒன்று, இன்னொரு காதில் இரண்டு. பழைய தட்டுமுட்டு அறையைச் சுத்தம் பண்ணி ஓவிய அறை ஆக்கினாள். இரண்டு மாதத்தில் பிள்ளைகள் இடைவேளையில் பந்து விளையாடுவதை விட்டுவிட்டு அந்த அறை வாசலில் நின்றார்கள். அவள் பாடப்புத்தகத்தைத் தொடுவதில்லை. "வீட்ல இருக்கற பழைய பொருள் ஒண்ணு கொண்டு வாங்க. தொட்டுப் பாருங்க. மோந்து பாருங்க. அப்புறம் வரையுங்க" என்பாள். பிள்ளைகள் தாத்தாவின் சவரக்கத்தி, அத்தையின் கல்யாணக் காலணி, ஈராக்கிலிருந்து வந்த காப்பிக் குவளை என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

யோகெவெத் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டு பார்த்தாள். ஆசிரியர் அறைக்குப் போக நேர்வழி இருக்கும்போது ஓவிய அறை ஜன்னல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். உள்ளே எத்தனை தலை என்று எண்ணுவாள். எண்ணிவிட்டு என்னிடம் வந்து சொல்வாள்.

"பதினாலு. இடைவேளையில பதினாலு. என்கிட்ட மணி அடிச்சதும் ஓடற பசங்க."

"அங்க பெயிண்ட் இருக்குல்ல, அதான்" என்றேன் சமாதானமாக.

"பெயிண்ட்ல பாரம்பரியம் இருக்கா? அப்போ பெயிண்ட் கடைக்காரன்தான் இந்த ஊர்லயே பெரிய ராபி. அவன்கிட்டப் போய் ஆசீர்வாதம் வாங்கு." காப்பியில் மூன்றாவது கரண்டிச் சர்க்கரை போட்டாள். "மோந்து பாக்கணுமாம். நாயா நாம?"

வெரெத்துக்கு இது எதுவும் உறைக்கவில்லை என்பதுதான் யோகெவெத்துக்கு இன்னும் எரிச்சல். ஒரு நாள் அந்தப் பெண் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் நடுவில் வந்து நின்று, "யோகெவெத், உங்க வகுப்புல ஒரு நாள் வந்து உக்காரட்டுமா? எல்லாரும் சொல்றாங்க, உங்க கதை கேட்டே ஆகணும்னு" என்றாள்.

"இடம் இல்ல கண்ணு."

"நான் தரையில உக்காந்துக்கறேன்."

"தரையும் நெறஞ்சிருக்கு."

அந்த வருஷம் முழுக்க அவள் செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்தியதோடு நிற்கவில்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாளும் போட்டாள். கடைசியில் நடந்ததற்கெல்லாம் அந்தத் தாழ்ப்பாள்தான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

ஆறாம் வகுப்பு என்றால் வேர்கள் வருஷம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்து எழுத வேண்டும்; பெஸஹுக்கு முன்னால் கண்காட்சி. எல்லா வருஷமும் யோகெவெத்தான் நடத்துவாள். அந்த வருஷம் மீமோன் கண்காட்சியை வெரெத்திடம் கொடுத்தார். கூடவே ஒரு சேதியும் சொன்னார்: அடுத்த வருஷத்துக்குக் கல்வித் துறை மணிகளைக் குறைத்துவிட்டது. ஓவியத்துக்கு ஒன்று, பாரம்பரியத்துக்கு ஒன்று என்று கொடுக்க முடியாது. இரண்டும் சேர்த்து ஒரே மணி. ஒரே ஆசிரியை. கண்காட்சி முடிந்ததும் முடிவு.

"டீச்சர், உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம்தானே" என்று தொடங்கினார்.

"நாலு வருஷம்னா எத்தனை செவ்வாய்க்கிழமைன்னு கணக்குப் போடுடா. நான்தானே உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்."

அன்றைக்கு மத்தியானம் அவள் கடைக்குப் போய்ப் பன்னிரண்டு நிறத்தில் சாக்குக்கட்டி வாங்கினாள். அடுத்த செவ்வாய் என் வகுப்புக்குச் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கரும்பலகையில் சாக்குக்கட்டி கீச்சிடும் சத்தம்தான் கேட்டது. அரைமணி நேரம் கீச்சிட்டது, நின்றது. பிறகு செருப்பு விழுந்தது. ஒன்றுதான். இன்னொன்றைக் கழற்ற மறந்துவிட்டாள் போல.

இந்த இடத்தில் ரிம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிம்மா குப்பர்மன், பன்னிரண்டு வயது, உக்ரைனில் செர்னோவித்ஸிலிருந்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவோடு வந்தவள். அம்மா ஃபாயினா துணி ஆலையில் வேலை. வேர்கள் தாளில் தாத்தா பெயர், பாட்டன் தொழில், குடும்பக் கதை என்று இருபது கட்டம். ரிம்மா எல்லாக் கட்டத்திலும் 'தெரியாது' என்று எழுதியிருந்தாள், ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்தில். வெரெத் ஃபாயினாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எங்க வீட்ல யாரும் எதுவும் சொன்னதில்ல" என்றாள் ஃபாயினா. "யூதர்னு தெரிஞ்சா வேலை போயிடும். எங்கப்பா தன் அப்பா பேரையே மாத்திச் சொல்லிட்டிருந்தார். எது நெஜப் பேருன்னு எனக்கே தெரியாது. ஒரு பெட்டியோட வந்தோம். அதுல இவளோட ஸ்வெட்டர்தான் இருந்துச்சு."

"பரவாயில்ல" என்றாள் வெரெத் ரிம்மாவிடம். "பொருள் இல்லாட்டி நீயே ஒண்ணு செய். உனக்குள்ள இருக்கறதைச் செய்."

மூன்று வாரம் ரிம்மா தரைவிரிப்பு லினோலியத் துண்டில் எதையோ செதுக்கிக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டு விருந்தினர்களும் வருவார்கள் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஆங்கில அட்டை அடிக்கிற வேலை எனக்கு வந்தது. மெட்ராஸில் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்த எனக்கு, இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் கழித்தும், எபிரேயத்தில் ஒரு வரி எழுதினால் மூன்று தடவை சரிபார்க்க வேண்டியிருக்கும். ஜூன் வந்தால் ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்று தூக்கம் போகும். கண்காட்சிக்கு முந்தின நாள் ரிம்மாவின் தாள் என் கைக்கு வந்தது. 'எங்கள் கொள்ளுத்தாத்தாவின் இடுப்புத்துணியில் ஒரு மரமுத்திரை இருந்தது' என்று ஆரம்பித்தது. வாயில் ரொட்டியோடு ஓடிவந்த அவருடைய அண்ணன் வரை எல்லாம் இருந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. யோகெவெத்திடம் சொன்னால் வெரெத் மேல் பாய்வாள். வெரெத்திடம் சொன்னால் மீமோனுக்குப் போகும். யார் சொன்னது என்று கேட்பார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. தாளில் இருந்ததை அப்படியே ஆங்கிலத்தில் அடித்துவைத்தேன்.

வியாழன் சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. பெற்றோர்கள், மேற்பார்வையாளர் சிப்போரா அம்மாள், சூரியகாந்தி விதை கொறிக்கிற அண்ணன்மார்கள். யோகெவெத் தன் நல்ல நீல உடையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு சுவராக நின்று பார்த்தாள், "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றாள், பற்களுக்குள்ளேயே.

ரிம்மாவின் சுவர் கடைசியில் இருந்தது. நாற்பது தாள், ரொட்டி அடுக்குகிற பலகை மாதிரி வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் பழுப்பு மையில் வட்டம், வட்டத்துக்குள் மீன், வயிற்றில் மூன்று கோடு. ஒரு தாளில் மட்டும் ரொட்டி பாதி கடிபட்டிருந்தது. பக்கத்தில் ரிம்மா நின்று கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டுத் தடுமாறவில்லை. சரியான இடத்தில் நிறுத்தினாள். "இந்த மீன் யாரோடது?" என்று வாயில் எதையோ வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரிக் கேட்டாள். பின்னால் நின்ற ஒரு தாத்தா மூக்கைச் சிந்தினார். சிப்போரா அம்மாள் வெரெத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஒரு வேலை வாங்கியிருக்க இந்தப் பொண்ணுகிட்ட!" என்றாள்.

எல்லாரும் கை தட்டினார்கள், வெரெத்தைப் பார்த்து.

"நிறுத்துங்க" என்றாள் யோகெவெத்.

கைதட்டல் ஒவ்வொன்றாக அணைந்தது.

"யாரோட கொள்ளுத்தாத்தா அது? அது எங்கப்பா. எங்கப்பா ஸாலெம் ஹதாத். ஜெர்பாவில ரொட்டி சுட்டவர். உங்க செர்னோவித்ஸ்ல ரொட்டில மீன் குத்தினாங்களா? சொல்லு!" ரிம்மா வாயைத் திறந்தாள்; அதற்குள் இவள், "திருடி!" என்றாள். "ஒரு வருஷமா என் பிள்ளைங்களைத் திருடினாங்க. இப்போ என் அப்பாவையும் திருடியாச்சு. அதுவும் ஒழுங்காத் திருடத் தெரியல. எங்கப்பாவோட மீன் வலது பக்கம் பாக்கும். இது இடது பக்கம் பாக்குது!"

திருடி என்றபோது அவள் பார்த்தது வெரெத்தை. ஆனால் வெளுத்துப்போனது ரிம்மாவின் முகம். உதடுவரை வெளுத்தது. வெரெத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் சொன்ன கதை அவளுக்கு எப்படித் தெரியும்?

"நான் திருடல டீச்சர்" என்றாள் ரிம்மா, மெதுவாக. "உனக்கு நடந்த மாதிரிச் சொல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் வீட்ல அம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அம்மா தினமும் சொல்லச் சொல்லுவாங்க."

ஃபாயினா கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள், ஆலைச் சீருடையிலேயே. எபிரேயம் பாதிதான் புரியும் அவளுக்கு. முன்னால் வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். எங்கள் ஊரில் பலர் முன்னிலையில் ஒருத்தர் முகத்தை வெளுக்கவைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொடுத்ததே யோகெவெத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை மீமோன் அவளையும் வெரெத்தையும் கூப்பிட்டார். அட்டை விஷயம் என்பதால் என்னையும்.

"சிப்போரா அம்மா ரிம்மாவோடதை வட்டாரக் கண்காட்சிக்கு அனுப்பணுங்கறாங்க" என்றார். "டீச்சர், கதை உங்களோடது. அதுல சந்தேகமே இல்ல. 'யோகெவெத் டீச்சரின் கதையைக் கேட்டுச் செய்தது'ன்னு அட்டை போட்டுடலாம். பாரம்பரிய வகுப்பு வேலையாப் போகும். மணி உங்களுக்கு. ஆனா..."

"ஆனா?"

"அப்படிப் போட்டா அது வேர்கள் வரிசையில நிக்காது. அவளோட குடும்பம் இல்லன்னு ஆயிடும்ல. கைவேலை மேஜையில வைப்பாங்க. குடும்பக் கதையாவே போகட்டும்னா வெரெத் வகுப்பு வேலையாப் போகும்."

"மணி அவளுக்கு."

"ஞாயித்துக்கிழமை காலையில அட்டை போகணும். நீங்களே சொல்லுங்க. உங்க அப்பா."

வெரெத் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எனக்கு மணி வேண்டாம் மீமோன். அட்டையில அவங்க பேரையே போடுங்க."

"உனக்கு யாரு கொடுத்தா, வேண்டாங்கறதுக்கு?" என்றாள் யோகெவெத். எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் அவள் ரிம்மாவின் வீட்டுக்குப் போனதை ஃபாயினா பிறகு என்னிடம் சொன்னாள். மூன்றாவது மாடி. சூரியன் மறைந்து ஓய்வுநாள் தொடங்க இரண்டு மணி நேரம்தான் இருந்தது. படிக்கட்டு முழுக்க எல்லார் வீட்டிலிருந்தும் சமையல் வாசனை. யோகெவெத் உள்ளே வரவில்லை. மூன்று வீட்டுக் கதவையும் தட்டி, ஆட்கள் வெளியே வந்து நிற்கும்வரை காத்திருந்தாள். பலர் முன்னால் செய்ததற்குப் பலர் முன்னால்தான் கேட்க வேண்டும். "ரிம்மா, நான் செஞ்சது தப்பு. மன்னிச்சுடு" என்றாள். ரிம்மா அம்மாவின் பின்னால் நின்று தலையை ஆட்டினாள், இல்லை என்று. இரண்டாவது தடவை கேட்டாள். இல்லை. எதிர்வீட்டு ஆள், "மூணு தடவை வரைக்கும் கேக்கலாம், கேளுங்க" என்று எடுத்துக்கொடுத்தான். மூன்றாவது தடவை ரிம்மா, "மீன் தப்பா?" என்று கேட்டாள்.

"கட்டையைக் கொண்டா, பாப்போம்."

ரிம்மா லினோலியக் கட்டையைக் கொண்டுவந்தாள். மீன் அதில் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இவள் சொன்னபடி, இம்மி பிசகாமல்.

"அச்சில திரும்பிடும் டீச்சர்" என்றாள் ரிம்மா. "வெரெத் சொன்னாங்க, முதல்லயே திருப்பி வெட்டிக்கோன்னு. ஆனா நீங்க வலதுன்னு சொன்னீங்களே, அதான் வெட்டிட்டேன். நீங்க பாத்தது கட்டையிலயா, ரொட்டியிலயா?"

யோகெவெத் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். "இதை ஞாயித்துக்கிழமை வரைக்கும் வச்சுக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாளாம். ரிம்மா சரி என்றாள். மன்னித்ததாகவும் அதையே வைத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு வாரம் தொடங்குகிற ஞாயிறு காலை ஏழரைக்கு நான் ஆசிரியர் அறையில் தட்டச்சு இயந்திரத்தில் வெற்று அட்டையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யோகெவெத் ஒரு துணிப்பையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பைக்குள் ரொட்டி. பெஸஹுக்கு முன்னால் வீட்டு மாவையெல்லாம் தீர்த்தாக வேண்டும். ஓய்வுநாள் முடிந்ததும் கடைசி மாவைப் பிசைந்திருக்கிறாள். மேல்தோலில் மீன், மூன்று கோடு. இடது பக்கம் பார்த்தது.

"கட்டையைச் சோடா போட்டுத் தேச்சுக் கழுவினேன், பயப்படாதே, தின்னு" என்றாள். ஒரு துண்டைப் பிய்த்து என்னிடம் தள்ளினாள். "நாப்பத்தஞ்சு வருஷமா வலது வலதுன்னு சொல்லிட்டிருக்கேன். எதுல வலதுன்னு எனக்கே தெரியல. அப்பா கட்டையை யாரையும் தொட விடமாட்டார். ரொட்டியைத்தான் பாத்திருக்கணும். ஆனா கண்ணை மூடினா மரம்தான் தெரியுது. ஒரு பன்னெண்டு வயசுப் பொண்ணுக்குத் தோணியிருக்கு. எனக்குத் தோணல."

"என்ன போடட்டும்?" என்றேன். என் விரல் விசையின் மேலேயே இருந்தது. அட்டையை வாங்கிப்போக எட்டரைக்கு ஆள் வந்துவிடுவான்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஓவிய அறை வாசலில் அதற்குள் நாலைந்து பிள்ளைகள் நின்றிருந்தன. எண்ணினாள், உதடு அசைந்தது.

"எங்கப்பா எகிப்துல அடிமையா இருந்ததில்ல" என்றாள். "செங்கல் சுமந்ததில்ல. ஆனா ஒவ்வொரு வருஷமும் மேஜையில உக்காந்து நான்தான் வந்தேன்னு சொல்லுவார். அடையாள அட்டை காட்டுன்னு அவர்கிட்ட யாரும் கேக்கல." ரொட்டியை மென்றாள். "அடி. 'எங்கள் கொள்ளுத்தாத்தாவின் முத்திரை. ரிம்மா குப்பர்மன்.' அப்படியே இருக்கட்டும்."

நான் அடித்தேன். "ஆசிரியை?" என்றேன், கேட்க மனசில்லாமல்.

"தெரியாதா உனக்கு?"

"வெரெத் லானிர்."

"ம்." அடுத்த துண்டு ரொட்டியைப் பிய்த்தவள் அதை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தை நீட்டி அட்டையைப் பார்த்தாள். "செவ்வாய்க்கிழமை மூணாவது மணிக்கு அந்தத் தோட்டை ஆட்டிக்கிட்டு என் மேஜையில ஏறி உக்காருவா, பாரு."

"அவ மேஜையில உக்காரமாட்டா. நின்னுட்டேதான் நடத்துவா."

"நிக்கட்டும். கால் வலிக்கட்டும்." கையில் இருந்த துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தியாக்காரி, அவ பேரை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்துல போட முடியுமா?" என்றாள்.

"இந்த மெஷின்ல ஒரே அளவுதான்."

"அப்போ மெதுவாத் தட்டு. மை கம்மியா விழட்டும்."

நான் மெதுவாகத் தட்டினேன்.